தூண் பாறையும் தெரியாமைக் கோட்பாடும்: கொடைக்கானலை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மலைவாழிடங்களைப் பற்றித் தமிழில் இதுவரை வந்த எழுத்துகள் யாவும் புகழ்மாலைகளே. சுற்றுலாத் துறைக் கையேடு புகழ்கிறது. அது அதன் பிழைப்பு. தேனிலவு போய் வந்தவர்கள் புகழ்கிறார்கள். அவர்கள் மலை எதையும் பார்க்கவில்லை என்பதால் அந்தச் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளிலும் "அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்" என்றே சுற்றுலா முடிகிறது. போய்விட்டு வந்து "சுமார்தாங்க" என்று சொன்ன ஒரு ஆளை நம் ஆய்வுலகம் இன்னும் பதிவு செய்யவில்லை. அந்தப் பெரும் இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் இட எல்லை: திண்டுக்கல் மாவட்டம், பழனி மலை, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல். கால எல்லை: மே மாதம், பள்ளி விடுமுறை, ஒரு சனிக்கிழமை. கள உதவியாளர்கள்: பெரிய மாமா, அத்தை, அத்தையின் மூட்டுவலி, மைத்துனர் குடும்பம், வேன் ஓட்டுநர். ஊட்டி இங்கே சேர்க்கப்படவில்லை. அதன் பரப்புக்கு இரண்டு முனைவர் பட்டங்கள் தேவைப்படும்.

கருதுகோள்: கொடைக்கானலை எல்லோருக்கும் பிடிக்கிறது, ஆனால் அங்கே எதையும் யாரும் பார்த்ததில்லை.

முன்னோர் செய்த பணி

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். மதுரை வெயில் அவர்களை வரவேற்றது; காய்ச்சலும் காலராவும் கூடவே வரவேற்றன. தப்பிக்க ஒரு மலை தேடி முதலில் சிறுமலையில் ஏறிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் ஏறி வந்தது. பிறகுதான் இன்னும் உயரமாகப் போவோம் என்று 1845இல் பழனி மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊரின் தொடக்கம் அது. இவர்கள் எதையும் பார்க்க வந்தவர்கள் அல்லர் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்க. பின்னால் தேவைப்படும்.

பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்ற எண்ணம் பதினெட்டு ஆண்டுகள் கழித்தே வந்திருக்கிறது. 1863இல் வியர் லெவிஞ்ச் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஓடையைத் தடுத்து அணை போட்டு ஏரியை உண்டாக்கினார். சுமார் 60 ஏக்கர். நட்சத்திர வடிவம் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்த வடிவம் மேலே பறக்கும் பருந்துக்குத் தெரியக்கூடும். கரையில் சைக்கிள் மிதிப்பவருக்கும் குதிரைமேல் பயந்து உட்கார்ந்திருப்பவருக்கும் ஏரியின் வடிவம் ஏரியாகவே இருக்கும். 1872இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலை விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை போட்டார். ஆக, பார்ப்பதற்கு உரியவை என்று நாம் நம்புகிறவற்றில் முக்கால்வாசி வந்தவர்கள் பொழுதுபோகாமல் செய்தவை. சினிமாப் பாட்டுக்காரர்கள் ஓடிப் பிடித்து விளையாடும் பைன் காடும் இந்த மண்ணுக்கு உரியதன்று. நட்டு வளர்த்தது. மலைக்கு உரிமையுள்ள சோலைக்காட்டை எந்த வேனும் நின்று பார்ப்பதில்லை.

வத்தலக்குண்டு வழியாக ஏறும்போது வேன் முதலில் நிற்கும் இடம் வெள்ளி நீர்வீழ்ச்சி. சுமார் 55 மீட்டர் உயரம். விழும் தண்ணீர் மேலே இருக்கும் ஏரி வழிந்து வருவது. ஏரியைக் காணும் முன்பே அதன் உபரியைக் கண்டு, "ஆகா" என்று சொல்லி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்த பிள்ளைகளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு மேலே போகிறோம். அருவித் தண்ணீர் கண்ணெதிரே கொட்டும்போது ஏன் பாட்டில் தண்ணீர் என்று மாமா கேட்டார். இது நியாயமான கேள்வி; ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

அளவை இயல்

இனி ஆய்வின் நடுநாயகமான தூண் பாறைக்கு வருவோம். செங்குத்தாக நிற்கும் மூன்று கருங்கல் பாறைகள். உயரம் 122 மீட்டர். இது ஏட்டில் உள்ளது. களத்தில் கண்டது வேறு.

ஒரு பொருள் இருக்கிறது என்று எப்படி அறிவது? நம்மிடம் இதற்கு விடை எப்போதோ தயார். வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களின் வாதங்களைக் கேட்கப் போகும் மணிமேகலைக்கு முதலில் வாய்ப்பவன் அளவை வாதி. காட்சி, கருத்து, ஆகமம், ஐதிகம், அபாவம் முதலிய பத்து வழிகளை அவன் அடுக்குகிறான். அவனுக்கு ஒரு வேன் பிடித்துக் கொடுத்துத் தூண் பாறைக்கு அனுப்பியிருந்தால் பதினொன்றாவது ஒன்றும் கிடைத்திருக்கும்.

முதலாவது காட்சி. நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போனதும் ஆய்வாளர் நேருக்கு நேர் கண்டவை வருமாறு: இடுப்பளவு இரும்புத் தடுப்பு. அதன்மேல் வரிசையாகத் தொங்கும் நீர்த்துளிகள். பெயிண்டைச் சுரண்டி எழுதிய காதலர் பெயர்கள், நடுவில் அம்பு பாய்ந்த இதயங்கள். கைப்பிடியில் உட்கார்ந்து யாரோ விட்டுப்போன சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, உள்ளே காற்றுதான் மிச்சம் என்று அறிந்து, பார்வையாளர்களை முறைத்த ஒரு குரங்கு. தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவரில்கூட ஆங்காங்கே திட்டுத் தெரியும். இதில் அதுவும் இல்லை. அந்த வெள்ளைக்கு எதிரே நூறு பேருக்குக் குறையாமல் கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். கண்ணாடியில் படிந்த ஈரத்தை ஸ்வெட்டர் கையால் துடைத்துத் துடைத்து ஒருவர் அதைப் படமும் எடுத்தார்.

இரண்டாவது கருத்து, அதாவது அனுமானம். புகை கண்ட இடத்தில் நெருப்புண்டு என்பது பழைய எடுத்துக்காட்டு. மிளகாய் பஜ்ஜிக் கடையும் ஸ்வெட்டர் கடையும் சுட்ட சோளமும் ஒருசேரக் கண்ட இடத்தில் பார்க்கத்தக்க ஏதோ உண்டு என்பது புதியது. அனுமானத்தில் குறையில்லை. ஆனால் இதே மூன்றும் வேன் நிறுத்துமிடத்திலும் இருந்தன; அங்கே பார்க்கத்தக்கது எதுவும் இல்லை. ஏது வழுவுகிறது.

அடுத்தது ஆகமம்: நம்பத்தகுந்தோர் வாக்கு. இங்கே ஆப்தர் நம் ஓட்டுநர்.

"அந்தா, உங்களுக்கு நேரா இருக்கு சார். மூணு தூணு."

"தெரியலையேப்பா."

"இப்பக் கலைஞ்சிரும் சார். ஒரு அஞ்சு நிமிசம் நில்லுங்க. நேத்து வந்திருக்கணும் நீங்க. நேத்து சும்மா அப்பிடியே தெரிஞ்சுச்சு."

கடைசி வாக்கியத்தை வாசகர் கவனிக்க வேண்டும். இதற்கு நேற்றுக் கோட்பாடு என்று பெயர் சூட்டுகிறேன். கொடைக்கானலில் எந்தக் காட்சியும் நேற்று நன்றாகத் தெரிந்திருக்கும். இதை மறுக்க வழியில்லை. நேற்று வந்தவர்கள் இன்று மதுரையில் "சூப்பரா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று அவர்களிடம் முந்தாநாளைப் பற்றிச் சொல்லப்பட்டதா என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. நேற்றுக் கோட்பாட்டுக்குப் பெரிய வடிவமும் உண்டு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2018இல் பூத்தது, இனி 2030. ஆகவே பன்னிரண்டில் பதினோர் ஆண்டுகள், "ரெண்டாயிரத்துப் பதினெட்டுல வந்திருக்கணும் சார்" என்ற வாக்கியத்துக்கு ஒதுக்கப்பட்டவை.

உடனடிப் படம் எடுத்துத் தரும் தம்பி ஒருவர் ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் மூன்று தூண்களும் நீல வானத்தின் முன்னே பளிச்சென்று நின்றன. இதைக் காட்சி என்பதா, ஆகமம் என்பதா என்று அறிஞர் மயங்குவர். "இதையே ஒண்ணு வாங்கிட்டுப் போயிருவோம்டா, நாம எடுத்ததா யாருக்குத் தெரியும்?" என்றார் மைத்துனர். இதற்கும் அளவை வாதியின் பட்டியலில் இடமில்லை.

ஐதிகம் என்பதற்கு மணிமேகலை தரும் எடுத்துக்காட்டே சுவையானது: இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை அப்படியே கொள்வது. கொடைக்கானல் சுற்றுலா முழுவதும் இந்த அளவையின்மேல்தான் நிற்கிறது. நம் அப்பா தலைமுறை போய்வந்து நல்ல இடம் என்றது. அவர்களுக்கு அவர்கள் அண்ணன் சொன்னது.

அபாவம், இன்மையை அறிவது. கூட்டத்தில் இதைத் துணிந்து கையாண்டவர் பெரிய மாமா ஒருவரே. தடுப்பில் இரு கையையும் ஊன்றி, எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இங்கன ஒண்ணுமே இல்லடா" என்றார். சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்த பார்வை கோயிலில் தும்மியவனைப் பார்க்கும் பார்வை.

பிறகு கலைந்தது. சொல்லத்தான் வேண்டும். வெள்ளை ஓர் ஓரமாகக் கிழிந்து, சாம்பல் நிறத்தில் ஒரு பாறையின் தோள் தெரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. கூட்டம் "ஓ" என்று ஒரே குரலில் கத்தியது. அந்தக் கணத்தில் நடந்ததை ஆய்வாளர் தன் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்: அத்தனை பேரும் பாறைக்கு முதுகைத் திருப்பி நின்றார்கள். படம் எடுத்துக்கொள்ள. பாறையை முகம் கொடுத்துப் பார்த்தவர் இருவர், அவர்களில் ஒருவர் குரங்கு. படம் சரியாக வந்திருக்கிறதா என்று தலை குனிந்து பார்த்து, அத்தை கண் மூடிவிட்டாள் என்று அறிந்து, "இன்னொண்ணு எடுப்போம்" என்று நிமிர்ந்தபோது மறுபடியும் வெள்ளை.

பார்த்த பாறைகளைப் பற்றிய மதிப்பீடு: நல்ல உயரம். நல்ல பாறை. மலையில் பாறை இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே.

சூரியன் தெரிந்த கதை

இந்த ஊரில் எதுவுமே தெரியாது என்று முடிவு கட்டப் போனால் வரலாறு இடைமறிக்கிறது. 1899இல் சென்னையிலிருந்து சூரிய ஆய்வைக் கொண்டுவந்து வைத்த ஊர் இது. வானம் தெளிவாக இருக்கிறது என்று ஆராய்ந்து தேர்ந்த இடம். 1901 முதல் கண்காணிப்பு நடந்து, நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கிருந்து சூரியப் புள்ளிகளை ஆராய்ந்து, அவற்றில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகெங்கும் பாடமாக இருக்கிறது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்த அதே ஊரில், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பாறை தெரியவில்லை. இதற்குக் காரணம் என்ன?

காரணம் பொங்கல். விளக்குவோம். காலையில் சமவெளியும் மலைச்சரிவும் வெயிலில் சூடேறுகின்றன. சூடான ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரம் பொடித் துளிகளாகி, மலையின் தெற்கு விளிம்பில் மேகமாகத் திரள்கிறது. கோக்கர்ஸ் வாக், பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை எல்லாம் அந்த விளிம்பை ஒட்டியே இருக்கின்றன. சூரியனைப் பார்ப்பவர்களுக்குக் காலை வானம் கிடைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ஏழரைக்கு எழுந்து, வெந்நீர் வரவில்லை என்று விடுதிக்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டு, பொங்கலும் வடையும் காபியும் முடித்து, அத்தையின் சால்வையைக் காணாமல் தேடி அது அத்தையின் மேலேயே இருப்பதைக் கண்டு, ஏழு ரோடு சந்திப்பில் வண்டிகளுக்கு நடுவே வண்டியாக நின்று, ஒருவழியாக விளிம்புக்குப் போய்ச் சேரும்போது உச்சிவேளை. கீழேயிருந்து புறப்பட்ட மேகமும் அப்போதுதான் வந்து சேர்கிறது. இருவருக்கும் ஒரே அட்டவணை.

மேகத்தின்மேல் பழி போடுவதும் முழு நியாயமன்று. கோக்கர்ஸ் வாக்கில் முதுகுக்குப் பின்னே சூரியனும் எதிரே பள்ளத்தாக்கில் மேகமும் சரியாக அமைந்தால், மேகத்தின்மேல் நம் நிழல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் தெரியும். பிராக்கன் பேயுரு என்று அறிவியலார் சொல்வார்கள். இதில் வியப்பு என்னவென்றால், பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் அந்த வளையம் அவரவருக்கு அவரவர் தலையைச் சுற்றித்தான் தெரியும். அடுத்தவர் தலைக்கு இருக்காது. செல்ஃபி வருவதற்கு வெகுகாலம் முன்பே மலை இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. நாங்கள் போனபோது சூரியன் இல்லாததால் யாருக்கும் ஒளிவட்டம் கிடைக்கவில்லை. "நேத்து..." என்று ஓட்டுநர் தொடங்கினார்.

குணா குகை

இதற்குத் தனி இயல் தேவைதானா என்பது ஐயமே. 1991இல் 'குணா' படம் வந்தது, சாத்தானின் சமையலறை என்றிருந்த இடத்துக்குப் பெயர் மாறியது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது, கூட்டம் பெருகியது. வேலி போட்டிருக்கிறார்கள், போடத்தான் வேண்டும், உள்ளே விழுந்தவர்கள் உண்டு. வெளியே மரவேர்கள் பாம்பாகப் பின்னிக் கிடக்கின்றன. அவை உண்மையிலேயே அழகு. அந்த வேர்களின் மேல் உட்கார்ந்து குகை தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

புகழ்ச்சியின் உட்கூறுகள்

இத்தனைக்கும் பிறகு வேன் மலையிறங்கி, வத்தலக்குண்டு வெக்கை முகத்தில் அடித்த அந்த நிமிடமே புகழ்ச்சி தொடங்கிவிட்டது. ஊர் வந்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது அத்தை அளித்த வாக்குமூலம் ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே தரப்படுகிறது: "சூப்பரா இருந்துச்சுங்க. செம குளிரு. தேங்கா எண்ணெ அப்பிடியே கட்டியாப் போயிருச்சு, குச்சி வச்சுக் குத்தித்தான் எடுத்தோம்."

இதை உட்கூறுகளாகப் பிரித்தால் தூண் பாறை இல்லை, ஏரி இல்லை, அருவி இல்லை. மற்ற தகவலாளிகளிடம் கேட்டாலும் இதே. எத்தனை பேரை எப்படி மடக்கிக் கேட்டாலும் எஞ்சுவது குளிரும் எண்ணெயும் மட்டுமே. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழியில் பெங்களூரிலும் உறையும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறரை டிகிரி அளவில் குறையும்; 2,100 மீட்டருக்குப் பதின்மூன்று, பதினான்கு டிகிரி. கொடைக்கானல் இதற்காகத் தனியாக எதுவும் செய்யவில்லை. உயரமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் முன்னே குறித்து வைக்கச் சொன்னதை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். 1845இல் மதுரை வெயிலுக்குப் பயந்து ஏறி வந்தவர்களும் வேறெதற்கும் வரவில்லை. ஏரி கிடையாது, நடைபாதை கிடையாது, பாயிண்ட் கிடையாது. குளிர் இருந்தது, தங்கினார்கள். அத்தையின் வாக்குமூலம் அவர்களுடைய நோக்கத்தோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகிறது. எனவே இக்கட்டுரையின் கருதுகோளைச் சற்றே திருத்தி நிறுவுகிறேன்: கொடைக்கானலைப் பிடித்தவர்கள் சொல்வது உண்மை, அவர்களை எட்டு பாயிண்ட், பன்னிரண்டு பாயிண்ட் என்று வேனில் ஏற்றி அலைக்கழிக்கும் ஏற்பாடுதான் தேவையற்ற இடைச்செருகல். போர்த்திக்கொண்டு விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே முழுக் கொடைக்கானலும் கிடைத்துவிடும்.

எதிர்பார்த்ததற்கு மேலாக இருந்த பொருள் ஒன்றையும் நடுநிலை கருதிச் சொல்ல வேண்டும். மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. சிறிய பல், நல்ல காரம், திரும்பும் வழி முழுவதும் வேனுக்குள் நிரம்பியிருந்த மணம். தைலம், சாக்லேட், பிளம்ஸ் எல்லாவற்றின் வாசனையையும் அது அடக்கிவிட்டது. அந்தப் பூண்டில் வைத்த குழம்பைப் பற்றி மாமா இன்றுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. இது சாதாரணச் செய்தி அன்று என்பதை மாமாவை அறிந்தவர்கள் அறிவார்கள்.

பரிந்துரைகள்

2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் கேட்கிறார்கள். அதில் "எதைப் பார்க்கலாம் என்று வருகிறீர்கள்?" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். "குளிர்" என்று நிரப்புகிறவர்களுக்கு உடனே அனுமதி தரலாம். "தூண் பாறை" என்று நிரப்புகிறவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கைக் குறுஞ்செய்தி போக வேண்டும்.

இரண்டாவது பரிந்துரைக்கு அரசுக்கு அதிகச் செலவில்லை. நம் துறைமுகங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கம் இருக்கிறது. அதே முறையில் வத்தலக்குண்டு அடிவாரத்தில் ஒரு மேகக் கூண்டு கட்ட வேண்டுகிறேன். ஒன்றாம் எண் ஏறினால் மூன்று தூணும் தெரியும். மூன்றாம் எண்ணுக்கு ஒரு தூண், அதுவும் கழுத்து வரை. ஏழாம் எண்ணுக்குத் தடுப்புக் கம்பி மட்டும். பதினோராம் எண் ஏறினால் கூட வந்தவர் முகமே தெரியாது. பஜ்ஜி வாசனையைப் பிடித்துக்கொண்டு வேனுக்குத் திரும்ப வேண்டும். ஓட்டுநர்கள் சங்கம் எதிர்க்கக்கூடும். கூண்டில் நேற்றைய எண்ணையும் சேர்த்துத் தொங்கவிட்டால் அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

இவை நடைமுறைக்கு வரும்வரை, போய்வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால் குளிரையும் எண்ணெயையும் தாராளமாகச் சொல்லுங்கள். "தூண் பாறை தெரிஞ்சுச்சா?" என்று கேட்டால் மட்டும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். கேட்கிறவர் அடுத்த சனிக்கிழமைக்கு வேன் பேசியிருப்பார்.